இன்ஸ்டாகிராம் பக்கத்தில் புடவை வாங்க முழுப் பணத்தையும் முன்பே கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் என் தங்கைக்குத் திருமணம். முகூர்த்தப் புடவையைக் காஞ்சிபுரத்திற்கே போய் எடுத்துவிட்டோம். உறவுக்காரப் பெண்களுக்கு வைத்துக் கொடுக்க வேண்டிய புடவைகள்தான் பாக்கி. இதற்கெல்லாம் நாங்கள் வழக்கமாகப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத்தான் போவோம். இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாக இருப்பதால், அந்தக் கூட்டத்தில் கடை கடையாக ஏறி இறங்க முடியாது என்கிறார்.

தங்கை இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். பட்டுப் புடவை ஒன்று 799 ரூபாய், இருபது எடுத்தால் ஒன்று 650 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். படங்கள் அழகாக இருக்கின்றன, பின்தொடர்பவர்களும் ஏராளம். வாட்ஸ்அப்பில் விசாரித்தபோது, கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு க்யூஆர் கோடை அனுப்பினார்கள். இன்று இரவு 12 மணிக்குள் கட்டினால்தான் இந்த விலை என்றும் சொல்கிறார்கள்.

இது உண்மையான கடைதானா என்று பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? ஒருவேளை புடவை வராவிட்டால் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அப்படி ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். அது சரியா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை, 25 ரூபாய் கட்டி முகவரியைத் திருத்துங்கள் என்று அஞ்சல் துறையின் பெயரில் அப்பாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருப்பதால், உண்மையிலேயே ஏதோ குழப்பம் நடந்திருக்கும் என்று அவர் நம்புகிறார்.


பதில்: ராயபுரம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அம்மா, உங்கள் தந்தையார் சொல்லும் விதி இருப்பது உண்மை. ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது.

வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவருடைய கணக்கிலிருந்து யாரோ பணத்தை எடுத்துவிட்டால் வங்கி என்ன செய்ய வேண்டும் என்பதை 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. தவறு வங்கியுடையதாகவோ வாடிக்கையாளருடையதாகவோ இல்லாமல் மூன்றாம் நபரால் நேர்ந்திருந்து, வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்துவிட்டால் இழப்பு முழுவதையும் வங்கியே ஏற்க வேண்டும். 4 முதல் 7 வேலை நாட்கள் ஆகியிருந்தால் வாடிக்கையாளரின் பங்கு ஒரு வரம்புக்குள் நிற்கும். இவை அனைத்தும் நம் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளுக்கு உரியவை. நாமே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டி, பின் எண்ணையும் போட்டு அனுப்பிய பணம் நாம் அனுமதித்த பரிவர்த்தனை என்றே கணக்கில் வரும். பொருள் வரவில்லை என்பது வங்கியின் பார்வையில் உங்களுக்கும் விற்றவருக்கும் இடையிலான விவகாரம். நான் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாடிப்போன முகங்கள் நிறைய.

ஆகவே, பணம் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். பெரிய விற்பனைத் தளத்தின் செயலிக்குள்ளேயே பணம் கட்டும்போது, விற்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு நிறுவனம் நிற்கிறது. பொருள் வராவிட்டால் கேள்வி கேட்க ஓர் இடம் உண்டு. கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வந்து சேரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு எழுப்பலாம். சார்ஜ்பேக் என்று அதற்குத் தனி நடைமுறையே இருக்கிறது. தனிநபர் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பிய பணத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பெற்றவர் சம்மதிக்க வேண்டும், அல்லது காவல்துறை வழியாக அந்தக் கணக்கு முடக்கப்பட வேண்டும்.

ஸ்கேன் செய்தவுடன், பின் எண் கேட்பதற்கு முன்பாக, திரையில் ஒரு பெயர் வருமே, அதைப் பெரும்பாலானோர் படிப்பதே இல்லை. பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே யுபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் அமைப்பான என்.பி.சி.ஐ. 2025இல் உத்தரவிட்டிருப்பதால், அந்தப் பெயரை நம்பலாம். கடையின் பெயர் ஒன்று, திரையில் வரும் பெயர் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்று என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு யார் இவர் என்று கேளுங்கள். ஒரு பைசாகூட அனுப்பாமல் இதைச் சோதித்துக்கொள்ளலாம்.

குறுஞ்செய்தி போலியானது. அஞ்சல் துறையின் பெயரில் சுற்றும் இவ்வகைச் செய்திகள் பொய் என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஏற்கெனவே அறிவித்திருக்கிறது. பழைய எண், புதிய எண் குழப்பம் சென்னை முழுவதும் இருப்பதால், முகவரி சரியில்லை என்று யாருக்கு அனுப்பினாலும் நம்பிவிடுவார்கள். அவர்கள் குறி 25 ரூபாய் அல்ல. லிங்கைத் தொட்டதும் வரும் பக்கத்தில் கார்டு எண்ணையும், பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையும், கடைசியில் ஓடிபியையும் கேட்பார்கள். 25 ரூபாய்க்கு என்று நினைத்து நாம் கொடுக்கும் அந்த ஓடிபி வேறு பெரிய தொகைக்கு உரியதாக இருக்கும். செய்தி எங்கிருந்து வந்தது என்று தந்தையாரைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் செய்திகள் எழுத்தாலான தலைப்பிலிருந்து வரும். அந்தத் தலைப்பின் கடைசியில் ஒரு கோடு போட்டு விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பரிவர்த்தனை என்றால் டி, அரசு என்றால் ஜி என்ற ஆங்கில எழுத்து நிற்கும். அரசுத் துறை ஒன்று பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து பணம் கேட்டால் அது அரசுத் துறை அல்ல.

பணம் போய்விட்டால், வங்கிக் கிளை திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அங்கிருந்து தகவல் போகும், தொகை இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். மோசடிக்காரர்கள் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், தாமதமாக ஆக மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.


பதில்: எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் முன்பணம் கேட்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, விற்பவர் பக்கத்தையும் சொல்கிறேன்.

நாங்களும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறோம். கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால், பார்சல் வீட்டு வாசலுக்குப் போனபிறகு வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம். போகும்போதும் கூரியர் செலவு, திரும்பும்போதும் கூரியர் செலவு. புடவை கசங்கி வந்தால் அதுவும் எங்கள் தலையில்தான். அதனால் சிறிய கடைக்காரர்கள் பலர் முன்பணம் கேட்கிறார்கள். ஆனால் முதல்முறை வாங்குபவரிடம், அதுவும் இருபது புடவைக்கு, முழுத் தொகையையும் இரவுக்குள் கட்டு என்று அவசரப்படுத்துவது வியாபாரம் செய்பவரின் பேச்சாகத் தெரியவில்லை.

எனக்கு முதலில் உறுத்தியது விலைதான். 799 ரூபாய்க்குப் பட்டு கிடைக்காது, கச்சாப் பட்டு விலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த விலையில் வருவது பாலியஸ்டர் நூல் கலந்த, பட்டு மாதிரி மின்னும் துணி. அதில் தவறில்லை, வைத்துக் கொடுப்பதற்கு நாங்களும் அதைத்தான் விற்கிறோம். ஆனால் அதைப் பட்டு என்றே சொல்லி விற்கக் கூடாது. தூய பட்டு என்று யாராவது சொன்னால், மத்தியப் பட்டு வாரியத்தின் சார்பில் நடக்கும் சில்க் மார்க் முத்திரைச் சீட்டு புடவையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். முன்பே எடுத்து வைத்த வீடியோ வேண்டாம், நேரலையில் வர வேண்டும். நீங்கள் சொல்லும் நிறத்தை அடுக்கிலிருந்து உருவி, முந்தானையைப் பிரித்து, உள்பக்கம் நூல் எப்படி ஓடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கையில் சரக்கு இருப்பவர் காட்டிவிடுவார், எங்களுக்கு அது தினப்படி வேலை. இல்லாதவர் நெட்வொர்க் சரியில்லை, கடை பூட்டிவிட்டது, மாஸ்டர் ஊரில் இல்லை என்று காரணம் சொல்வார். அங்கே போட்டிருக்கும் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே மாடல், அதே புடவை, நான்கு வெவ்வேறு கடைப் பெயர்களில் வந்தால் படம் அவர்களுடையது அல்ல. நியாயமாகச் சொன்னால் இதிலும் ஒரு விலக்கு உண்டு. சேலம் பக்கம் இளம்பிள்ளையில் நெய்யும் புடவைகளைச் சரக்கு எடுத்து வைக்காமல் படத்தை மட்டும் வாங்கிப் போட்டு, ஆர்டர் வந்தபின் அங்கிருந்தே அனுப்ப வைக்கும் பெண்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால் புடவை பழுதாக வந்தால் நீ பொறுப்பா, நெய்தவர் பொறுப்பா என்று இருவருக்கும் நடுவில் நீங்கள் அலைய நேரிடும்.

ஜிஎஸ்டி எண் கேட்டு வாங்குங்கள். அது 15 எழுத்துகள் கொண்டது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், உரிமையாளரின் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது எல்லாம் இலவசமாகத் தெரியும். அடுத்தவர் எண்ணைத் திருடிப் பக்கத்தில் போட்டுக்கொள்பவர்களும் இருப்பதால், அங்கே வரும் பெயரும் க்யூஆர் ஸ்கேனில் வரும் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். குறைந்த விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரிக்கு ஜிஎஸ்டி கட்டாயமில்லை, ஆகவே எண் இல்லை என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லிவிட முடியாது.

இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்தின் பெயரைத் தொட்டால், இந்தக் கணக்கு பற்றி என்ற பகுதி திறக்கும். எந்த ஆண்டு, எந்த மாதம் தொடங்கியது, எத்தனை முறை பெயர் மாறியது என்று அதிகம் பேர் பின்தொடரும் கணக்குகளில் அங்கேயே இருக்கும். நேற்றுவரை மீம் பக்கமாக இருந்ததை ஆட்களோடு சேர்த்து விலைக்கு வாங்கி, இன்று புடவைக் கடையாக மாற்றியிருந்தால் அது அங்கே காட்டிக்கொடுத்துவிடும். கருத்துப் பகுதியை மூடி வைத்திருக்கும் புடவைக் கடையிடம் நான் வாங்க மாட்டேன்.


தண்டையார்பேட்டை வாசகி:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. ஸ்கேன் செய்து பார்த்தேன். கடைப் பெயருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தனிநபரின் பெயர் வருகிறது. வீடியோ கால் கேட்டதற்கு, முதலில் பணம் கட்டுங்கள், பிறகு காட்டுகிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்தின் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. இனி அங்கே வாங்குவதாக இல்லை.

அப்பா அந்த லிங்கைத் தொடவில்லை, செய்தியை அழித்துவிட்டார். ஆனால் அவருடைய ஓய்வூதியக் கணக்கின் டெபிட் கார்டுதான் கைபேசிச் செயலிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா? கேஷ் ஆன் டெலிவரி மட்டும்தான் பாதுகாப்பு, பொருளைக் கையில் வாங்கிக்கொண்டுதானே பணம் கொடுக்கிறோம் என்று அம்மா சொல்வதும் சரிதானா?


பதில்: பெரம்பூர், டெலிவரி வேலையில் இருப்பவர்

அக்கா, அம்மா சொல்வது முழுக்கச் சரியில்லை. கையில் வாங்குவது பொருளை அல்ல, ஒட்டிய பெட்டியைத்தான். பணம் வாங்குவதற்கு முன்பு பெட்டியைப் பிரித்துக் காட்ட எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆர்டர் போடும்போதே ஓப்பன் பாக்ஸ் டெலிவரி என்று இருந்தால் மட்டும் எங்கள் முன்னால் பிரித்துப் பார்த்துவிட்டு ஓடிபி சொல்லலாம்.

யாரும் ஆர்டர் செய்யாத பார்சலைக் கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பும் வேலையும் நடக்கிறது. பகலில் வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் யாராவது போட்டிருப்பார்கள் என்று நினைத்து 500, 600 ரூபாயைக் கொடுத்துவிடுவார்கள். வியாசர்பாடி பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டுக்காரரும்கூட நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கி வைக்கிறார். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அனுப்பியவர் பெயர், ஆர்டர் எண், வசூலிக்க வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். வீட்டில் யார் ஆர்டர் செய்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டுவிடுங்கள். அதில் இல்லாத பார்சலை வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் திருப்பி எடுத்துப் போய்விடுவோம், அதற்காக யாரும் உங்களிடம் சண்டை போட முடியாது.

ஓடிபி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் வாசலில் நின்று கேட்பது டெலிவரி ஓடிபி. ஓடிபி என்ற சொல்லைக் கேட்டதுமே கடைசியாக வந்த எண்ணைப் படித்துவிடாமல், அந்தச் செய்தி முழுவதையும் படியுங்கள். இத்தனை ரூபாய் எடுப்பதற்கு என்று அதில் இருந்தால் அது எங்களுக்கு உரியது அல்ல. அதேபோல, டெலிவரி ஆள் பேசுகிறேன், உங்கள் முகவரி கிடைக்கவில்லை, நட்சத்திரக் குறி போட்டு 21 அல்லது 401 என்று தொடங்கி இந்த எண்ணை அழுத்துங்கள் என்று யாராவது சொன்னால் அழுத்தாதீர்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவருடைய எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு. பிறகு குரல் வழியாக வரும் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். ஏற்கெனவே அழுத்தியிருந்தால் ##002# என்று அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் நீங்கிவிடும். எங்களுக்கு வழி தெரியாவிட்டால் மாதா கோவில் எந்தப் பக்கம், ரேஷன் கடை எந்தப் பக்கம் என்று கேட்போமே தவிர, எண் அழுத்தச் சொல்ல மாட்டோம்.


பதில்: திருவொற்றியூர், நுகர்வோர் அமைப்பு ஒன்றின் தன்னார்வலர்

பணமே மோசடியில் போனது வேறு, பொருள் வந்து அது பழுதாகவோ மாறியோ இருப்பது வேறு. முதலாவதற்கு 1930. இரண்டாவதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பழுதான மிக்சிக்குக் காவல் நிலையத்திலும் காணாமல்போன பணத்துக்கு நுகர்வோர் அமைப்பிலும் வந்து நிற்பவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் சட்டப்படியான பெயரையும் முகவரியையும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும்; குறை வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். தொழிலாக இல்லாமல் தன் பழைய பொருளை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு இவ்விதி பொருந்தாது என்பதால், பழைய கைபேசி, பழைய பைக் வாங்குபவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இன்று இரவுக்குள் என்ற பொய்யான அவசரமும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பியது அல்ல. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்து விடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஜவுளிக் கடை அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தொழிலில் பலர், ரிட்டர்ன் கிடையாது, பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் புகாரே ஏற்க மாட்டோம் என்று எழுதுகிறார்கள். பழுதான பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. வீடியோ எடுத்து வைப்பது வாங்குபவருக்கு நல்ல சாட்சி, ஆனால் அது இல்லை என்பதற்காக உரிமை போய்விடாது.

1915இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் சூரத்தில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று இதே சட்டம் சொல்வதால், நம் பகுதியினருக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். விளம்பரம், உரையாடல், பணம் கட்டிய ரசீது, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு ஆகியவற்றைப் பொருள் கைக்கு வந்த அன்றே சேமித்துவிடுங்கள். தகராறு என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பினர் முதலில் செய்வது வாட்ஸ்அப் செய்திகளை அழிப்பதுதான்.


எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்:

பழுதுக்கு ரிட்டர்ன் கொடுக்கத்தான் வேண்டும், அதில் வாதமில்லை. கட்டிவிட்டு, மஞ்சள் கறையோடு திருப்பி அனுப்பும் புடவைகளும் வருவதால்தான் வீடியோ கேட்கிறோம்.

தங்கச்சி, இருபது புடவை என்றால், உங்களுக்குப் பழக்கமான கடை எதுவாக இருந்தாலும் வார நாளில் காலையில் கடை திறக்கும் நேரத்தில் நீங்கள் மட்டும் போய், அம்மாவை வீடியோ காலில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். எங்கள் தெருவில் பல கடைகளில் இப்போது இதற்குப் பழகிவிட்டார்கள்.


ராயபுரம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

தந்தையாரின் கார்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வங்கியின் செயலியில் கார்டு அமைப்புகள் என்ற பகுதிக்குப் போய், வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும் என்பதால் இது முக்கியம். இணையப் பயன்பாட்டையும் அங்கேயே அணைத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைக்கலாம். இவ்வசதிகளை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று 2020லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

அதைவிட, ஓய்வூதியக் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, வேறொரு சேமிப்புக் கணக்கை அதில் இணைத்து, மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ மட்டும் அதில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் வங்கி கேட்கும் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் நிறையப் பேர்.